இடப்பக்கத்து வண்டிகள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கொக்கி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். போலீஸுக்காக இழுவை வண்டி ஓட்டுகிறவர். நிறுத்தக் கூடாத இடத்தில் கார் நின்றால் அதன் முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவது அவர் வேலை. சீருடை கிடையாது, அதிகாரம் கிடையாது, வசவு மட்டும் பங்கு போடாமல் முழுசாக அவருக்கே.

ஆளைப் பார்த்தால் இந்த வேலைக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெல்லிய குரல், தலையைச் சாய்த்துக் கேட்கும் பழக்கம். முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "ராத்திரி வீட்டுக்கு வர்ற வேலையாப் பாருங்க, இல்லைன்னா என்னை லாரியிலயே குடிவைங்க" என்று மனைவி சொன்ன பிறகு இதில் சேர்ந்தார். வண்டியைத் தூக்குமுன் ஒரு பழைய போர்வையை மடித்துச் சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவே வைப்பார், கீறல் விழக் கூடாதென்று. "வண்டி என்ன பாவம் பண்ணுச்சு, நிறுத்தினவர்தானே தப்பு பண்ணினார்" என்பது அவர் கட்சி. சொந்தமாக அவருக்கு இருந்தது ஒரு சைக்கிள். அதையும் தெருவில் விடாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து சமையலறைக் கதவோரம் சாய்த்து வைப்பார். "இதை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று மனைவி கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், அவனை நம்ப முடியாது" என்பார்.

தெரு ஒருவழிப் பாதை. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் மருந்துக்கடை, தையற்கடை, சலவைக் கடை, மேலே வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வலப்பக்கம் கண் டாக்டரின் ஆஸ்பத்திரி, நகைக்கடை, சொந்த வீட்டுக்காரர்கள். 'வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகை இரண்டு பக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் யாரும் அதைப் படித்ததில்லை. ஆனால் கொக்கி தூக்கியதெல்லாம் இடப்பக்கத்து வண்டிகள். வலப்பக்கத்து வண்டி ஒன்றுகூட மைதானத்துக்குப் போனதில்லை.

அதற்கு அவரிடம் காரணம் இருந்தது, யாரும் கேட்காததால் சொல்லாத காரணம். வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டுக்குத் தொழிலில் பூம் என்று பெயர். அதன் நுனியில்தான் கொக்கி. அந்தப் பூம் இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் திரும்பாது. வண்டியை ஒப்படைத்த பழைய டிரைவர், "வலது பக்கம் முயற்சி பண்ணாதப்பா, உடைஞ்சு கையில வந்துடும்" என்று சொல்லிவிட்டு வெளிநாட்டுக்குப் போனவர் போனவர்தான். இவரும் ஒரே ஒரு முறை லீவரைத் தள்ளிப் பார்த்தார். பூம் கொஞ்சம் முனகிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தையே மறந்துபோனார். வேலையும் கெடவில்லை, கூட வரும் ஏட்டையாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவழிப் பாதையில் இடப்பக்கம் என்றால் எந்நாளும் அதே வீடுகள், அதே ஆட்கள் என்பது மட்டும் அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

எட்ட வைத்தது தங்கச்சி. அந்தச் சலவைக் கடை அவளுடையது. மாப்பிள்ளை ஒரு சின்ன வேனில் துணிகளை எடுத்துவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் கடை வாசலில் நின்ற அந்த வேனையும் கொக்கி தூக்கினார். மாப்பிள்ளை வண்டி என்று விட்டுவிட்டால் மறுநாளே தெரு முழுக்க மாப்பிள்ளைகளாகிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். தான் நேர்மையாக நடந்துகொண்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் வேனுக்குள் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு இருந்தது. மைதானத்துச் சாவியை வைத்திருந்தவர் எங்கேயோ போயிருந்தார். அவர் வந்து, கதவு திறந்து, வேன் வெளியே வருவதற்குள் அந்தப் பெண் வேறு யாருடைய உடுப்பிலோ கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள்.

தங்கச்சி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். பேச்சை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போவதுபோல் தாண்டிப் போனாள். தாயும் தகப்பனும் போன பிறகு இருவருக்கும் இருவரே மிச்சம் என்று இருந்தவர்கள். அந்த மௌனம் அவரைச் சாப்பிடவிடவில்லை.

கடைசியில் மாப்பிள்ளைதான் தூது வந்தார். "மச்சான், அவ ஒண்ணே ஒண்ணு சொல்றா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இன்ஸ்பெக்டர் வர்றாராம். யார் சொல்லி எங்க பக்கத்தை மட்டும் தூக்கினேன்னு அண்ணன் எல்லார் முன்னாலயும் சொல்லட்டும், அப்பறம் பேசுறேங்கறா."

"யாரும் சொல்லலியே மாப்பிள்ளை."

"அதைச் சொன்னா பேசமாட்டா மச்சான்."

தெருச் சங்கத்தின் கூட்டம் மருந்துக்கடை மாடியில் நடந்தது. மற்ற நாட்களில் அது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் அறை. பெரியவர்கள் எல்லாரும் சின்னப் பெஞ்சுகளில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் நாற்காலி. பக்கத்தில் ஏட்டையா நின்றார். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு அப்படியே இருந்தது. தங்கச்சி கடைசிப் பெஞ்சில், சன்னலோரம்.

மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "சார், ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புங்கற கதையா இருக்கு. எங்க பக்கம் மாத்திரை இறக்க வண்டி நின்னாலும் தூக்கிடறீங்க. எதிர்ப்பக்கம் பொழுதன்னைக்கும் நிக்குது. அதுக்கு மட்டும் சட்டம் கண்ணை மூடிக்குதா?"

வலப்பக்கத்துச் சொந்த வீட்டுக்காரர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்தார். "நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். தப்பா நிறுத்தாத வண்டி எதையாவது தூக்கினாங்களா?"

"இல்லை."

"அப்ப தூக்கினது எல்லாம் தப்பா நின்ன வண்டி. அதுல அநியாயம் எங்க வந்துச்சு?"

கொக்கிக்கு இது சரி என்று பட்டது. தலையை ஆட்டக்கூடச் செய்தார்.

"ரெண்டு பேர் தப்பு பண்றாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒருத்தனுக்கு அடி, இன்னொருத்தனுக்கு வணக்கம். அடி வாங்கினவன் போய் யார்கிட்ட முறையிடுவான்?"

இதுவும் சரிதான் என்று பட்டது.

"இன்னொருத்தனுக்கு அடி விழலைங்கறதால இவன் பண்ணின தப்பு நல்ல காரியம் ஆயிடுமா?" என்றார் குமாஸ்தா.

ஆகாதுதான். கொக்கிக்குத் தலை சுற்றியது. இவர் பேசும்போது இவர் பக்கம் நியாயம், அவர் வாயைத் திறந்தால் அது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படி இடம் மாறுகிற நியாயத்தை எந்தப் பலகை போட்டு நிறுத்துவது என்று அவருக்கு விளங்கவில்லை. நடுவில் தையற்கடைக்கார அம்மா வேறு, "எனக்கு வண்டியே இல்ல. ரெண்டு பக்கமும் தூக்கிட்டுப் போங்க, நான் நிம்மதியா நடந்து போறேன்" என்றார். அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகக் கோபப்பட்டது.

இன்ஸ்பெக்டர் பொறுமையானவர். ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா கொக்கியைப் பார்த்தார். "வண்டி ஓட்டறவரே இருக்காரே சார், அவரையே கேளுங்க." எல்லாத் தலையும் திரும்பியது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கொக்கி எழுந்தார். தங்கச்சி சன்னலிலிருந்து பார்வையை எடுத்து அவர் மேல் வைத்தாள்.

"யாரும் சொல்லலைங்க," என்றார். "பூம் வலது பக்கம் திரும்பாதுங்க. நான் வர்றதுக்கு முன்னாலருந்தே அப்படித்தான். கொக்கிக்கு எட்டினதைத் தூக்கினேன். அவ்வளவுதாங்க."

இத்தனை நாள் கட்டிப் புரண்ட சண்டைக்குக் காரணம் ஒரு துருப்பிடித்த இரும்பா என்று எல்லாருக்கும் ஏமாற்றமாகிவிட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பாத்தீங்களா? எங்க மனசுல பாரபட்சம் இல்லை, வண்டியிலதான். நாளைக்கே சரி பண்ணிடறோம்." குமாஸ்தா கை தட்டினார். மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "இத்தனை வருஷமா சரி பண்ணாம வச்சிருந்தது யாரு? எங்க பக்கம் தூக்க முடியாமப் போயிருந்தா மறுநாளே மெக்கானிக் வந்திருப்பார்." பெஞ்சுகள் இழுபடும் சத்தத்தில் கூட்டம் கலைந்தது.

தங்கச்சி அவரைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். தாண்டினாள். நிற்கவில்லை.

மெக்கானிக் மறுநாள் காலையில் மைதானத்துக்கு வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே கேட்டார். "என்ன ரிப்பேர்னு சொன்னீங்க?"

"வலது பக்கம் திரும்பாது."

"எப்படித் திரும்பும்? ஆணி போட்டு வச்சிருக்கே."

வெளியே வந்து நீட்டினார். விரல் நீளத்தில் ஒரு தடித்த இரும்பு ஆணி, கிரீஸும் தூசியும் அப்பி உருண்டை கட்டியிருந்தது. நெடுஞ்சாலையில் போகும்போது பூம் ஆடி எதிரே வருகிற வண்டியில் மோதாமல் இருக்க ஒரு பக்கத்தை அதைப் போட்டுப் பூட்டுவார்களாம். போய்ச் சேர்ந்ததும் பிடுங்கிவிட வேண்டுமாம். "இது கெட்டுப்போன வண்டியே இல்லண்ணே. யாரோ பூட்டினாங்க, யாரும் திறக்கல. லாரி ஓட்டின ஆளு, குனிஞ்சு பார்த்திருக்கக் கூடாதா?" என்றார் மெக்கானிக்.

கொக்கிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. குனிந்து பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஆணியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் ஏட்டையாவிடம் காட்டினார். "ஐயா, இதை யாரு போடச் சொன்னது?"

ஏட்டையா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் இருந்ததாகத் தெரியவில்லை. இல்லையென்றும் தெரியவில்லை. "எனக்கென்னப்பா தெரியும்? பூம் திரும்பாதுன்னு நீதானே எங்கிட்ட சொன்ன?"

"நானா? வலது பக்கம் விட்டுடுன்னு நீங்கதானேய்யா முதல் நாள் சொன்னீங்க."

"நீ சொன்னதாலதானே நான் சொல்லியிருப்பேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழைய டிரைவர் மறந்து விட்டாரா, மறக்கச் சொன்னார்களா, யாராவது ஒருவர் ஒருவரிடம் கண்ணைக் காட்டினாரா, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்வதற்கும் எய்தவன் என்று ஒருவன் இருக்க வேண்டுமே.

வீட்டில் ஆணியை மேசைமேல் வைத்தார். மனைவி அதை எடுத்து எடை பார்த்தாள். "யாருமே சொல்லாமலும் நடந்திருக்கலாங்க," என்றாள். "நம்ம வீட்டுல குழாய் ஒழுகலையா? நீங்க பார்ப்பீங்கன்னு நான், நான் பிளம்பரைக் கூப்பிடுவேன்னு நீங்க. தண்ணிக்கென்ன, அது பாட்டுக்குப் போகுது."

"குழாய் ஒழுகினா ரெண்டு பேரு காலும்தானே நனையுது. இது ஒரு பக்கம் மட்டும்ல நனைஞ்சிருக்கு."

"அதான் யாரும் பார்க்கல போல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் மட்டும் அந்த ஆணியோடு உட்கார்ந்திருந்தார்.

பூம் சரியான பிறகு தெருவுக்குள் போன முதல் நாள். வெயில் ஏறிய நேரம். பக்கத்தில் ஏட்டையா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம், பலகைக்கு நேர் கீழே, கண் டாக்டரின் வெள்ளைக் கார். இடப்பக்கம், பலகைக்கு நேர் கீழே, மாப்பிள்ளையின் வேன். வைத்து வரைந்ததுபோல் எதிரெதிரே நின்றன. சலவைக் கடைக்குள் தங்கச்சி ஒரு சட்டையை ஹேங்கரில் மாட்டிக்கொண்டு இருந்தவள், வண்டிச் சத்தம் கேட்டு மாட்டியபடியே நின்றாள்.

"எதுய்யா?" என்று கேட்டார் கொக்கி.

"உன் இஷ்டம்ப்பா. இப்பத்தான் ரெண்டு பக்கமும் திரும்புதே," என்றார் ஏட்டையா, தலை நிமிராமல்.

கொக்கியின் கை லீவரைத் தள்ளியது. இடப்பக்கம். பூம் நகரத் தொடங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சட்டென்று நிறுத்தினார். ஆணிதான் இல்லையே, பின் ஏன் கை அங்கே போனது? பழக்கமா? ஒரு முறை இரும்புத் தூள் கண்ணில் விழுந்து இவர் துடித்தபோது, அந்த டாக்டர்தான் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து எடுத்துவிட்டார். அந்த நன்றியா? இல்லை, வெள்ளைக் கார் என்றால் கை தானாகக் கூசுகிறதா? எதுவென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் பூம் மேல் போட்ட பழியில் தனக்கு எவ்வளவு பங்கு என்று நினைக்கவே பயமாக இருந்தது.

லீவரை மறுபக்கம் தள்ளினார். பூம் முனகாமல், தயிரில் கரண்டி போவதுபோல் திரும்பியது. இறங்கிப் போர்வையை மடித்து வைத்து, டாக்டரின் காரைத் தூக்கினார்.

டாக்டர் வெளியே ஓடிவந்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம். "என்னப்பா இது? இத்தனை வருஷமா இங்கதானே நிறுத்தறேன். இன்னிக்கு என்ன புதுசா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க டாக்டர்."

கூட்டத்தில் சொன்ன அதே பதில். அன்று தங்கச்சி நம்பவில்லை. இன்று டாக்டரும் நம்பவில்லை. "யாரோ சொல்லியிருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். எதிரே மருந்துக்கடைக்காரர் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சினிமா பார்ப்பதுபோல் பார்த்தார்.

காரை மைதானத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது வேன் அங்கேயே நின்றது. மாப்பிள்ளை இல்லை. தங்கச்சி வாசலுக்கு வந்திருந்தாள். கொக்கி வண்டியை வேனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஏட்டையா அப்போதுதான் போனைப் பைக்குள் வைத்தார். வேனைப் பார்த்தார், வாசலில் நின்றவளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ஒண்ணு போதும்ப்பா, கிளம்பு. உன் தங்கச்சி வண்டிதானே. நமக்குள்ள என்ன."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொக்கியை உலுக்கியது. ஒரு 'போதும்', ஒரு 'கிளம்பு', ஒரு 'நமக்குள்ள என்ன'. முன்பும் யாரோ யாருக்கோ இப்படி நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்களோ? அப்படித்தான் ஒரு தெருவில் இரண்டு பக்கம் உண்டானதோ? அப்படியென்றால் இதில் கெட்டவன் யார்? கிளம்பிவிட்டால் தங்கச்சிக்கு நல்லவனாகலாம். ஆனால் அப்புறம் டாக்டரின் முகத்தில் எப்படி விழிப்பது? தூக்கிவிட்டால் தங்கச்சி இந்த ஜன்மத்தில் பேசமாட்டாள். கதவைத் திறந்து இறங்கினார்.

தங்கச்சி படியிறங்கி வந்தாள். அவர் முன்னால் நின்றாள். விளக்குக் கம்பத்தைப் பார்க்கிற பார்வை இல்லை.

"துணி உள்ள இருக்கு," என்றாள். "கொஞ்சம் இரு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் பேச்சு அது. அவள் வேனின் பின்கதவைத் திறந்து, உறை போட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தன் தோளில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, மீதியை அவர் கைகளில் அடுக்கினாள். "கசங்காமப் பிடி." முன்பின் தெரியாதவர்களின் சட்டைகளையும் சேலைகளையும் ஏந்திக்கொண்டு அவர் அவளுக்குப் பின்னாலேயே கடைக்குள் போனார், வந்தார், மறுபடி போனார். ஏட்டையா ஹாரன் அடித்தார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் காலியானது. கொக்கி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், பிறகு இங்கும் அங்கும் தேடினார். போர்வை டாக்டரின் காரோடு மைதானத்துக்குப் போய்விட்டிருந்தது.

அவர் தேடுவது எதையென்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய், யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு படுக்கை விரிப்பை எடுத்து வந்தாள். தேய்த்து மடித்தது, மடிப்புக் கலையாதது. "இதை வச்சுக்கோ. கீறல் விழுந்தா உன் மாப்பிள்ளை அழுவார்."

அவர் அதை வாங்கிச் சக்கரத்துக்கும் இரும்புக்கும் நடுவே கவனமாக வைத்தார். லீவரில் கை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"கோவம் போச்சா?"

அவள் எதிரே காலியாகக் கிடந்த டாக்டரின் இடத்தைப் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள்.

"தெரியலண்ணே," என்றாள். "முதல்ல தூக்கு."